எழுதிய நிறம் ஏன் வரவில்லை? சிஎஸ்எஸ் விதிகள் மோதும்போது நடப்பது

வெப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரு லிங்க்குக்குச் சிவப்பு என்று எழுதிச் சேமித்தாச்சு. பிரவுசரில் பார்த்தால் அது நீலமாகவே நிற்கிறது. ஒரே எலிமென்ட்டின் (லிங்க், பத்தி போன்ற பக்கத்தின் ஒரு பகுதி) ஒரே பிராப்பர்ட்டிக்கு (நிறம், அளவு போன்றது) இரண்டு விதிகள் வெவ்வேறு மதிப்பு சொன்னால், எது செல்லும் என்பதற்குப் பிரவுசரிடம் ஒரு வரிசை இருக்கிறது. முடிவு கிடைத்த இடத்தோடு அது நின்றுவிடும். அடுத்த கேள்விக்குப் போகாது.

படி 1: இன்ஸ்பெக்ட் செய்யுங்கள்

கோடில் கை வைக்கும் முன், அந்த லிங்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். ஸ்டைல்ஸ் பகுதியில் உங்கள் சிவப்பு குறுக்கே அடிக்கப்பட்டிருந்தால், வேறொரு விதியிடம் தோற்றிருக்கிறது. அந்த விதியே அங்கே காணோம் என்றால் பிரச்சினை வேறு: செலக்டரில் (விதி எந்த எலிமென்ட்டுக்கு என்று சொல்லும் பகுதி) எழுத்துப்பிழை, அல்லது ஃபைலே லோட் ஆகவில்லை.

படி 2: மேலிடத்து விதிகளைத் தேடுங்கள்

பிரவுசருக்கென்று சொந்த ஸ்டைல் உண்டு. லிங்க்குக்கு அடிக்கோடு வருவது அதனால்தான். நீங்கள் எழுதும் சாதாரண விதி அதை வென்றுவிடும். உங்கள் விதிகளுக்குள், மதிப்புக்குப் பின்னால் 'இம்பார்ட்டன்ட்' (!important) என்ற சொல் ஒட்டியது முன்னால் நிற்கும். அதற்கு அடுத்தது, பக்கத்தைக் கட்டும் மொழியான எச்டிஎம்எல்லின் டேகுக்குள்ளேயே ஸ்டைல் என்று எழுதும் இன்லைன் விதி. இந்த இரண்டும் இல்லையென்றால்தான் அடுத்த படி.

படி 3: செலக்டரின் எடையை எண்ணுங்கள்

பெரும்பாலான சண்டை இங்கேதான் தீர்கிறது. ஒவ்வொரு செலக்டருக்கும் மூன்று எண்கள் போடுங்கள்: எத்தனை ஐடி (ஒரே ஒரு எலிமென்ட்டுக்கு வைக்கும் பெயர்), எத்தனை கிளாஸ் (பல எலிமென்ட்டுகளுக்குப் பொதுவாக வைக்கும் பெயர்), எத்தனை டேக் (லிங்க், பத்தி போன்ற எலிமென்ட்டின் வகை). ஹோவர் (மவுஸ் மேலே வரும் நிலை) போன்றவையும் ஆட்ரிபியூட் (டேகுக்குள் எழுதும் கூடுதல் விவரம்) செலக்டர்களும் கிளாஸ் கணக்கில் சேரும்.

நம் லிங்க்கையே எடுத்துக்கொள்வோம். 'மெனு என்ற ஐடிக்குள் இருக்கும் லிங்க் நீலம்' என்பது 1, 0, 1. 'எச்சரிக்கை என்ற கிளாஸ் சிவப்பு' என்பது 0, 1, 0. இடப்பக்கத்திலிருந்து ஒப்பிட வேண்டும். முதல் எண்ணிலேயே நீலம் ஜெயித்துவிட்டது. மூன்றையும் கூட்டிப் பார்க்கக் கூடாது. கிளாஸ் பதினொன்று சேர்ந்தாலும் ஒரு ஐடியை வெல்லாது.

சரி, எப்படித் திருத்துவது? இம்பார்ட்டன்ட் போட்டால் உடனே சிவப்பாகும். ஆனால் நாளை அதை மாற்ற இன்னொரு இம்பார்ட்டன்ட் தேவைப்படும். மெனுவை ஐடிக்குப் பதில் கிளாஸாக மாற்றுங்கள். நீலம் 0, 1, 1 ஆகிவிடும். அப்புறம் 'மெனுவுக்குள் எச்சரிக்கை' என்று எழுதினால் சிவப்புக்கு 0, 2, 0. என்னைக் கேட்டால், ஸ்டைலுக்கு ஐடி செலக்டரே வேண்டாம் என்பேன்.

படி 4: சமமானால் வரிசை

எடை ஒன்றாக இருந்தால் கடைசியாக வந்த விதி செல்லும். சிஎஸ்எஸ்ஸில் எது பின்னால் இருக்கிறது என்பதுதான் கணக்கு. எச்டிஎம்எல்லில் கிளாஸ் பெயர்களை இடம் மாற்றி எழுதினால் ஒன்றும் ஆகாது. இரண்டு ஃபைல்கள் இணைத்திருந்தால் பின்னால் இணைத்த ஃபைலுக்கே வாய்ப்பு.

பலரையும் குழப்புவது மரபு வழியாக வரும் மதிப்பு. தாய் எலிமென்ட்டுக்கு ஐடி வைத்துப் பச்சை கொடுத்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் பத்திக்கு வெறும் டேக் செலக்டரால் கறுப்பு கொடுத்தால் பத்தி கறுப்பாகத்தான் இருக்கும். நேராக எழுதிய எந்த விதிக்கு முன்னும் மரபு நிற்காது. தாயின் ஐடி எடை இங்கே கணக்கிலேயே வராது.

2022 முதல் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் லேயர் வசதி (விதிகளைக் குழுக்களாகப் பிரித்து வைப்பது) இருக்கிறது. பிறர் எழுதிய சிஎஸ்எஸ்ஸை ஒரு லேயருக்குள் போட்டு, உங்கள் விதிகளை வெளியே வைத்தால், எடை குறைவாக இருந்தாலும் உங்களுடையதே செல்லும். எடை பார்க்கும் முன்பே லேயர் கேள்வி வந்துவிடுவதுதான் காரணம். இம்பார்ட்டன்ட் விதிகளுக்கு மட்டும் இது தலைகீழ்: அங்கே லேயருக்குள் இருப்பதே ஜெயிக்கும்.