பாஸ்போர்ட் படத்திலிருந்து ஒரு கப்பல் பயணம்: வாட்டர்கலர் பழகுபவர்களுக்கு

நீலகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து வீடுகள் பலவற்றில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். குடும்பமே வரிசையாக நின்று கேமராவை முறைக்கும். எங்கள் வீட்டுப் படம் சிலோனை விட்டுக் கிளம்புமுன் பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கு வந்தவர்கள் நாங்கள். அந்தப் படத்தை வைத்தே வரைந்து பழகலாம்.

முதலில் நகல். மலைக் குளிரிலும் ஈரத்திலும் பழைய படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பிய்க்காதீர்கள். நான் பிய்த்ததில் பெரியப்பாவின் வலது காது கண்ணாடியோடு போய்விட்டது. ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் போடாமல், கண்ணாடிக்கு மேலேயே போனில் எடுங்கள். 10×15 செ.மீ. பிரிண்ட் போதும்.

பிரிண்டில் 1 செ.மீ. கட்டங்கள், 300 ஜிஎஸ்எம் (கனமான) ஏ3 தாளில் 2 செ.மீ. கட்டங்கள். பென்சில் அழுத்தக் கூடாது. கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தால் குடும்பம் 30×20 செ.மீ. அளவில் வலது கீழ் மூலையில் உட்காரும். இடது பக்கம் மிஞ்சும் இடம் கப்பலுக்கு, மேலே மிஞ்சுவது மலைக்கு.

அடுத்தது வண்ணம். அதற்கு முன் வீட்டில் கேளுங்கள்! பாட்டியின் சேலையை நானாக மெரூன் என்று அடித்துவிட்டேன். பாட்டி பார்த்துவிட்டு, “அது பச்சைடா. அதுவும் என்னுது இல்ல, பக்கத்து லயத்து அக்காகிட்ட இரவல் வாங்குனது” என்றார். (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.) ஈரப் பிரஷால் துடைத்தும் மெரூன் முழுசாகப் போகவில்லை, மேலே பூசிய பச்சை சேறாகிவிட்டது. வாட்டர்கலரில் தப்பை மறைப்பது கஷ்டம்.

பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம், இரண்டே போதும், அந்தப் பச்சைக்கு மட்டும் ஒரு தனி ட்யூப். நீலம் கூடினால் கடலின் சாம்பல், சியன்னா கூடினால் தோல் நிறம். வெளிர் பூச்சு முதலில், அது காய்ந்த பின் அடர்த்தி. காய்ந்தால் ஒரு படி வெளுக்கும், அதனால் துண்டுத் தாளில் பூசிப் பாருங்கள். வெள்ளைக்குப் பெயிண்ட் வேண்டாம், தாளையே விட்டுவிடுங்கள். மலைக்கு மேல் மூடுபனி வேண்டுமென்றால் ஈரம் காயுமுன் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் சரி. மழை மாதங்களில் தாள் காய ஒரு ராத்திரி ஆகும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் வைத்தால் வளைந்துவிடும்.

அப்புறம் கப்பல். நாங்கள் வந்த ‘ராமானுஜம்’ கப்பலின் படம் எதுவும் எங்களிடம் இல்லை. எப்படி இருந்தது என்று பாட்டியிடம் கேட்டேன். “கப்பலை எங்கடா பாத்தேன்? கம்பியப் புடிச்சிட்டு வழியெல்லாம் வாந்தி.” அதனால் இடது பக்கம் ஒரு கம்பித் தடுப்பும், அதன் கீழே தகரப் பெட்டியும் மட்டும் வரைந்தேன். பெட்டியின் நிறத்தை இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் பூசினேன். நீலம்.