1098-டி படிவமும் கல்விக் கட்டண வரித்தள்ளுபடியும்: அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கணக்கிட வேண்டிய முறை

அமெரிக்கக் கல்லூரிகள் முந்தைய ஆண்டுக்கான 1098-டி படிவத்தை ஜனவரி 31-க்குள் மாணவருக்கு வழங்கும். மின்னணு வடிவில் பெறச் சம்மதித்திருந்தால் அது தபாலில் வராது. மாணவரின் இணையக் கணக்கிலேயே கிடக்கும். அதிலுள்ள தொகையை அப்படியே வரி மென்பொருளில் தட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. கல்லூரிக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைத்தான் படிவம் சொல்கிறதே தவிர, உங்களுக்கு உரிய தள்ளுபடி எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. எனவே கட்டணக் கணக்கு அறிக்கையையும் புத்தக ரசீதுகளையும் அருகில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், நீங்கள் வரிச் சட்டப்படி அங்கு வசிப்பவரா என்று பாருங்கள். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வந்தவர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு வசிக்காதவராகவே கருதப்பட்டு, அத்தகையோருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆர் தாக்கல் செய்கிறார்; அவருக்கு இத்தள்ளுபடி பொதுவாகக் கிடையாது. கல்லூரி 1098-டி அனுப்பியிருந்தாலும் அது தகுதிச் சான்று ஆகிவிடாது. அடுத்து, பெற்றோர் உங்களைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டினால், கட்டணத்தை நீங்களே செலுத்தியிருந்தாலும் தள்ளுபடி அவர்களுக்கே உரியது.

இளங்கலையின் முதல் நான்கு ஆண்டுகளுக்கான 'அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி' தள்ளுபடியில், முதல் 2,000 டாலர் செலவு முழுவதும், அடுத்த 2,000 டாலரில் கால் பங்கும் சேர்ந்து, ஒரு மாணவருக்கு 2,500 டாலர் வரை வரியில் குறையும். அதில் 40 விழுக்காட்டை, வரியே இல்லாவிட்டாலும், பணமாகத் திரும்பப் பெறலாம்; 24 வயதுக்குட்பட்ட மாணவர் தாமே கோரும்போது மட்டும் இதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. முதுகலை மாணவருக்கும், ஓரிரு பாடங்கள் மட்டும் படிப்பவருக்கும் 'லைஃப்டைம் லேர்னிங்' தள்ளுபடி உண்டு: 10,000 டாலர் வரையிலான செலவில் 20 விழுக்காடு. தனிநபர் வருமானம் 80,000 டாலரைத் தாண்டினால் இரண்டும் குறையத் தொடங்கி, 90,000-ல் நின்றுவிடும்; கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு இவ்வரம்புகள் இரு மடங்கு.

ஓர் எடுத்துக்காட்டு. முதலாமாண்டு மாணவி ஒருவரின் படிவத்தில், பெறப்பட்ட கட்டணத்தைக் காட்டும் 1-ஆம் கட்டத்தில் 9,000 டாலரும், உதவித்தொகையைக் காட்டும் 5-ஆம் கட்டத்தில் 6,000 டாலரும் இருக்கின்றன. மீதி 3,000. பாடத்துக்குக் கட்டாயமான புத்தகங்களை அவர் வெளிக்கடையில் 700 டாலருக்கு வாங்கியிருக்கிறார். படிவத்தில் இல்லாத இச்செலவும் முதல் வகைத் தள்ளுபடிக்குச் சேரும். மொத்தம் 3,700; தள்ளுபடி 2,000 + 425 = 2,425 டாலர். விடுதி வாடகை, உணவு, காப்பீடு, பயணம் எதுவும் சேராது. 529 என்னும் கல்விச் சேமிப்புத் திட்டத்திலிருந்து வரியின்றி எடுத்துச் செலுத்திய தொகையையும் மறுபடி கணக்கில் காட்டக் கூடாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. உதவித்தொகையின் விதிகள் வாழ்க்கைச் செலவுக்கும் அனுமதித்தால், அதிலிருந்து 300 டாலரை வாடகைக்கு ஒதுக்கி மாணவியின் வருமானமாகக் காட்டலாம்; கட்டணத்திலிருந்து கழிக்க வேண்டிய உதவித்தொகை அந்த அளவு குறைவதால், தகுதிச் செலவு 4,000 ஆகித் தள்ளுபடி 75 டாலர் கூடும். 12 விழுக்காட்டு வரி அடுக்கில் அந்த 300-க்கான வரி 36 டாலர்தான். உதவித்தொகை பெரிதாக இருந்து மீதி பூஜ்யமாகும் மாணவர்களுக்கு இவ்வழி இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

தேதிகளையும் சரிபாருங்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கும் பருவத்துக்கான கட்டணத்தை டிசம்பரிலேயே செலுத்தியிருந்தால், அது செலுத்திய ஆண்டின் கணக்கில்தான் சேரும். படிவத்தின் 7-ஆம் கட்டத்தில் குறியிருந்தால் அதற்குப் பொருள் இதுவே.

கணக்கு முடிந்ததும் இத்தள்ளுபடிகளுக்கான 8863 படிவத்தை நிரப்பி, வருமான வரிப் படிவமான 1040-உடன் இணையுங்கள். முதல் வகைத் தள்ளுபடிக்குக் கல்லூரியின் அடையாள எண்ணும் அதில் வேண்டும். அது 1098-டி படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். தகுதி இருந்தும் ஏதோ ஓராண்டில் கோரத் தவறியிருந்தால், பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் படிவத்தால் திருத்தித் தாக்கல் செய்து அத்தொகையைப் பெறலாம்.