பழைய பைக் டேங்க்ல பெட்ரோல் லீக்கா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பைக் அடியில ரெண்டு சொட்டு பெட்ரோலைப் பாத்ததும் நெறைய பேர் நேரா எம்சீல் (ஓட்டை அடைக்கிற புட்டி) வாங்க ஓடிடறாங்க. மொதல்ல எங்க ஒழுகுதுன்னு பாருங்க. டேங்க்கோட அடி மடிப்பு வழியாவே ஓடி வேற எங்கயோ போய்தான் சொட்டும், அதனால சொட்டுற எடம் ஓட்டை இருக்கிற எடமா இருக்கணும்னு இல்ல. சில சமயம் டேங்க் நல்லாதான் இருக்கும், பெட்ரோல் காக்ல (டேங்க் அடியில இருக்கிற பெட்ரோல் குழாய்த் திருகு) ஓ-ரிங்னு சொல்ற ரப்பர் வளையம் காஞ்சு போயிருக்கும், இல்ல பெட்ரோல் போற ரப்பர் ஓஸ் வெடிச்சிருக்கும், இல்ல கார்ப்ரேட்டர் ஃப்ளோட் நீடில்ல (பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஊசி) தூசி மாட்டி ஓவர்ஃப்ளோ ஆகிட்டிருக்கும். எல்லாத்தையும் தொடச்சு காய விட்டு, சந்தேகப்படுற எடத்துல சாக்பீஸ் தூளைத் தடவி வைங்க, எங்க மொதல்ல ஈரமாகுதோ அதான் எடம்.

காக் ஒழுகுதுன்னு ஸ்க்ரூவை முறுக்கிட்டே போகாதீங்க, மரை போயிடும். ஓ-ரிங்கை மாத்துங்க, ஸ்க்ரூவுக்கு அடியில இருந்த வாஷரையும் மறக்காம போடுங்க. சாதாரண சிலிகான் பேஸ்ட் வேணவே வேணாம், பெட்ரோல்ல ஊறி பிஞ்சு பிஞ்சு வந்து ஃபில்டரை அடைக்கும்.

அடுத்தது புட்டி. ஒழுகிட்டிருக்கும்போதே பெயிண்ட் மேலயே அப்பிட்டு நின்னுடும்னு நெனைக்கிறது. அது புடிச்சிருக்கிறது பெயிண்ட்டை மட்டும்தான், அடியில பெட்ரோல் நுழைஞ்சதும் பெயிண்ட்டோட சேந்து உரிஞ்சு வந்துடும். டேங்க்கை கழட்டி காலி பண்ணி, கையாலயே எமரி போட்டு (கிரைண்டர் வேணாம், பொறி பறக்கும்) தகரம் பளிச்சுன்னு தெரியற வரைக்கும் தேச்சு, எண்ணெய் பிசுக்கு இல்லாம தொடச்சு, காஞ்சப்புறம் வைங்க, அதுவும் பெட்ரோல் தாங்கும்னு பாக்கெட்ல போட்டிருந்தா மட்டும். துருவால விழுந்த ஓட்டைன்னா இதுவும் தற்காலிகம்தான். தண்ணி பெட்ரோலை விட கனம், அடியில தங்கி உள்ளேர்ந்தே அரிக்கும், ஒரு ஓட்டை தெரியுதுன்னா சுத்தியும் தகரம் மெலிஞ்சிருக்கும். அதுக்கு உள்பக்கம் லைனர் (டேங்க் உள்ள பூச்சா படியற சீலர்) ஊத்தலாம், ஆனா துருவை எடுக்காம ஊத்துனா அதுவும் தகடு தகடா உரிஞ்சு வரும்.

இதையெல்லாம் விட பெரிய தப்பு வெல்டிங். "டேங்க் காலியாதானே இருக்கு, ஒரு டச் வச்சுக்கலாம்"னு சொல்றவங்களை நெனச்சாலே பயமா இருக்கு. எரியறது திரவமா இருக்கிற பெட்ரோல் இல்ல, அதோட ஆவி. காத்துல ஆவி சுமார் 1.4%லேர்ந்து 7.6% வரைக்கும் கலந்திருந்தா பொறி பட்டதும் வெடிக்கும், காலி டேங்க்ல அந்த கலவை ஈஸியா வந்துடும், அதனாலதான் முழுசா நெரம்பினதை விட காலி டேங்க் ஆபத்து. ரெண்டு நாள் வெயில்ல வச்சேன், தண்ணி ஊத்தி அலசுனேன்னா போதாது, மடிப்புலயும் துருவுக்குள்ளயும் ஊறி நிக்கிற பெட்ரோல் சூடு பட்டதும் திரும்ப ஆவியா வரும். டேங்க்கை முறையா கழுவி, ஆவியை வெளியேத்தி வேலை செய்யத் தெரிஞ்ச ஆளுகிட்ட மட்டும் குடுங்க. அந்த ஆவி காத்தை விட கனம் வேற, தரையோட பரவும், அதனால கழட்டுற வேலையை வெளியில காத்தோட்டமான எடத்துல வச்சுக்கங்க, பக்கத்துல அடுப்பு கிடுப்பு இருக்கக்கூடாது.

வேலை முடிஞ்சு செக் பண்றப்ப கம்ப்ரஸர் காத்தை அப்படியே உள்ள விடாதீங்க, டேங்க் உப்பி மடிப்பு விட்டுடும். கை பம்ப்ல லேசா காத்தடிச்சு சோப்புத் தண்ணி தடவுனா குமிழி காட்டிக் குடுத்துடும். பெயிண்ட் எல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.