மாறிலிக்குப் பெயர் வைப்பது எப்படி? பைத்தானில் ஒரு பில் கணக்கு

2017 நவம்பர் 15 அன்று, தனியாக இயங்கும் ஏசி உணவகங்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. அப்படி ஓர் உணவகத்துக்கு நீங்கள் எழுதிய பில் நிரலில் 18 என்ற எண் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தேடி மாற்று’ வசதியைக் கொண்டு ஒரே சொடுக்கில் எல்லா 18-ஐயும் 5 ஆக்குகிறீர்கள். வரி சரியாகிவிடும். கூடவே கடையின் 18 மேசைகள் 5 ஆகிவிடும். 180 ரூபாய் பிரியாணி 50 ரூபாய்க்குப் போகும்.

எண்ணுக்குப் பெயர் வைத்திருந்தால் இந்த விபத்து நேர்ந்திருக்காது. அப்படிப் பெயர் பெற்ற, மாறாத மதிப்புதான் மாறிலி.

படி 1: எது மாறிலி என்று பிரியுங்கள்

‘அரசு வரியை மாற்றிவிட்டதே, பிறகு அது எப்படி மாறிலி ஆகும்?’ என்று புதிதாகக் கற்பவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மதிப்பு மாறுமா? ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் இடையே வரி விகிதம் மாறாது, ஆகவே மாறிலி. அடுத்த மாதம் ஏறக்கூடியது என்றாலும் தோசையின் விலையும் அப்படியே. எத்தனை தோசை சாப்பிட்டார் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், அது மாறி.

படி 2: எழுதிப் பாருங்கள்

பைத்தான் என்ற நிரல்மொழியின் 3-ஆம் பதிப்பு தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். நிரல் எழுதி இயக்கிப் பார்க்க உதவும் ஐடில் செயலியில் புதிய கோப்பைத் திறந்து இதை எழுதுங்கள்:

மாறா_வரி_விழுக்காடு = 18
மாறா_மேசை_எண்ணிக்கை = 18
மாறா_தோசை_விலை = 60

தோசைகள் = 2
தொகை = மாறா_தோசை_விலை * தோசைகள்
மொத்தம் = தொகை + தொகை * மாறா_வரி_விழுக்காடு / 100

கோப்பைச் சேமித்து எஃப்5 விசையை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் மொத்தம் என்று தட்டி என்டர் கொடுத்தால் 141.6 வரும்.

சொற்களுக்கு நடுவே இருப்பது அடிக்கோடு. அங்கே இடைவெளி விட்டால் பிழை. சிறுகோடு போட்டாலும் பிழைதான்: அதைப் பைத்தான் கழித்தல் குறி என்று எடுத்துக்கொள்ளும்.

படி 3: பெயர் உண்மை பேசட்டும்

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். பதினெட்டு = 18 என்று பெயர் வைக்காதீர்கள். வரி இறங்கிய அன்று பதினெட்டு = 5 என்று எழுத நேரும்; அதைப் படிப்பவர் எதை நம்புவார்? மதிப்பைச் சொல்லும் பெயர் வேண்டாம், அது எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லும் பெயரே வேண்டும்.

அலகும் பெயரிலேயே தெரிவது நல்லது. காத்திருப்பு = 30 என்றால் நொடியா, நிமிடமா? மாறா_காத்திருப்பு_நொடிகள் = 30 என்றால் கேள்விக்கே இடமில்லை. பெயர் நீளமாகிறதே என்று தயங்காதீர்கள். ஒருமுறை தட்டுகிறோம், நூறுமுறை படிக்கிறோம்.

அதற்காக எல்லா எண்ணுக்கும் பெயர் வைக்கக் கிளம்ப வேண்டாம். மேலே உள்ள கணக்கில் 100-க்குப் பெயர் இல்லை, தேவையும் இல்லை. விழுக்காடு என்றால் நூற்றுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும், அது என்றைக்கும் மாறப்போவதில்லை.

படி 4: ‘மாறா’ எதற்கு?

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கான்ஸ்ட், ஜாவா மொழியில் ஃபைனல் என்று மாறிலிக்குப் பூட்டுப் போடும் சொற்கள் உண்டு. பைத்தானில் அப்படிப்பட்ட பூட்டு இல்லை. பத்து வரிகள் தள்ளி மாறா_வரி_விழுக்காடு = 40 என்று எழுதினாலும் அது மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். பெயர் மட்டுமே காவல். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் மாறிலியின் பெயரை முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதுகிறார்கள். பெப் 8 என்ற பைத்தான் நடைக் கையேடு சொல்லும் வழக்கம் அது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அதனால்தான் ‘மாறா’ என்ற முன்னொட்டை நான் சேர்க்கிறேன். நீங்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கோப்பு முழுவதும் அதையே பின்பற்றுங்கள். மாறிலிகள் எல்லாவற்றையும் கோப்பின் தலைப்பகுதியில் சேர்த்து வையுங்கள்.

படி 5: வரியைக் குறையுங்கள்

நிரலின் முதல் வரியில் உள்ள 18-ஐ மட்டும் 5 ஆக்கி, சேமித்து, மீண்டும் எஃப்5 அழுத்துங்கள். மொத்தம் இப்போது 126.0. மாறா_மேசை_எண்ணிக்கை என்று தட்டிப் பாருங்கள்: 18 மேசைகளும் அப்படியே இருக்கின்றன.