இரவுச் சாப்பாட்டைப் படமெடுத்து, அளவோடு பகிர்வது எப்படி?

தட்டில் அழகாக இருந்த சாப்பாடு ஃபோனில் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். சோறு மஞ்சளடிக்கும், குழம்பு கறுத்துப்போகும், கீரை சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். பெரும்பாலும் இதில் ஃபோன்மேல் குற்றமில்லை, வீட்டு விளக்குதான் காரணம். படம் சரியாக வந்தாலும் இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. "எப்படிச் செய்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் "கொஞ்சம் உப்பு, தேவையான தண்ணீர்" என்பதற்குமேல் சொல்ல முடியாது. அதனால் வேலையைச் சமைக்கும் நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

படி 1: சமைக்கும்போதே அளவைக் குறியுங்கள்

சாப்பிட்டு முடித்தபின் எழுதினால் அளவு நினைவில் நிற்காது. ஒரு டிஜிட்டல் தராசு போதும், 1 கிராம் வரை காட்டினால் சரி. ஒவ்வொன்றையும் அளந்து போட வேண்டியதில்லை. எண்ணெய் பாட்டிலையும் உப்பு டப்பாவையும் தொடங்கும்முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை தராசில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் போட்ட அளவு. கைப்பழக்கம் கெடாது, கணக்கும் கிடைத்துவிடும்.

உப்பை மட்டும் கரண்டிக் கணக்கில் எழுதவே எழுதாதீர்கள். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். பரல் பெரிதாக இருந்தால் இடையில் காற்று நிற்பதால் அதே கரண்டியில் எடை குறையும். கல் உப்பில் நீங்கள் எழுதிய அளவை ஒருவர் தூள் உப்பில் போட்டால் சாப்பாடு கரித்துவிடும்.

பாத்திரத்தின் வாய் அகலத்தையும் குறியுங்கள். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வேகமாக ஆவியாகும் என்பதால், அதே 300 மில்லி தண்ணீர் ஒருவர் வீட்டில் குழம்பாகவும் இன்னொருவர் வீட்டில் தொக்காகவும் முடியும்.

படி 2: ஒரே ஒரு விளக்கு

பலரும் சறுக்கும் இடம் இது. படம் இருட்டாக இருக்கிறதே என்று வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். வெள்ளை டியூப் லைட்டின் ஒளி 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் நீலம் கலந்திருக்கும். மஞ்சள் பல்பு 2700 கெல்வின் அளவில் ஆரஞ்சு கலந்திருக்கும். கேமரா ஒரு நேரத்தில் ஒரு ஒளிக்குத்தான் நிறத்தைச் சரிக்கட்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் தட்டின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் போகும். பிறகு எந்த ஃபில்டரைப் போட்டாலும், ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடும்.

ஆகவே ஒன்றைத் தவிர மற்றவற்றை அணையுங்கள், தொலைக்காட்சித் திரை உட்பட. பளிச்சென்ற சிவப்பு மேசைவிரிப்பையும் எடுத்துவிடுங்கள், அதன் நிறம் தெறித்துச் சோற்றில் ஏறும்.

மீதமுள்ள அந்த ஒரு விளக்கை எங்கே வைப்பது? தட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6 மணி இடத்தில் நின்றால் விளக்கு 10 மணியிலோ 2 மணியிலோ இருக்க வேண்டும், தட்டைவிடச் சற்று உயரத்தில். அப்போதுதான் பொரித்ததன் மொறுமொறுப்பும் குழம்பின் மினுமினுப்பும் தெரியும். உச்சி விளக்கு வேண்டாம், குனிந்ததும் உங்கள் நிழலே தட்டில் விழும். ஃபோன் ஃபிளாஷும் வேண்டாம். அது லென்ஸை ஒட்டியே இருப்பதால் முன்பக்க நிழலெல்லாம் மறைந்து சாப்பாடு தட்டையாகத் தெரியும், எண்ணெய் மிதக்கும் இடமெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும்.

மேசைமேல் வைத்துப் படிக்கும் சாதாரண எல்.இ.டி விளக்கே என் தேர்வு. வட்ட வளைய விளக்கைச் சாப்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், சூப்பிலும் குழம்பிலும் அந்த வளையம் அப்படியே பிரதிபலிக்கும். புதிதாகப் பல்பு வாங்குவதானால் பெட்டியில் சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது குறைந்த பல்பில் சிவப்பும் பழுப்பும் உயிரிழந்துபோகும், சாப்பாட்டில் அதிகம் இருக்கும் நிறங்கள் அவைதான்.

விளக்குக்கு ஒரு சாண் முன்னால் பட்டர் பேப்பரைப் பிடித்தால் ஒளி பரவி மென்மையாகும். சூடாகும் பழைய குண்டு பல்பின் அருகில் இதைச் செய்யாதீர்கள், காகிதம் தீப்பிடிக்கலாம். விளக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் மறுபக்க இருட்டு குறையும்.

படி 3: லென்ஸைத் துடையுங்கள்

சமைத்த கையால் தொட்ட ஃபோனில் எண்ணெய்ப் படலம் இருக்கும். படம் முழுவதும் புகை படிந்ததுபோல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சுத்தமான பருத்தித் துணி போதும்.

படி 4: கோணமும் வெளிச்ச அளவும்

தட்டில் பரப்பி வைத்ததை நேர் மேலிருந்து எடுங்கள். அடுக்கி வைத்ததைப் பக்கவாட்டில், கிண்ணத்தில் உள்ளதை ஏறத்தாழ 45 டிகிரியில். ஃபோனைத் தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனால் வட்டத் தட்டு முட்டை வடிவமாக இழுபடும். ஓரடி பின்வாங்கி 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

திரையில் சாப்பாட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெள்ளைத் தட்டைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள். கறுப்புத் தட்டானால் இறக்க வேண்டும். போர்ட்ரெய்ட் மோடு தட்டின் விளிம்பைக் கன்னாபின்னாவென்று மங்கலாக்கும், தொடாதீர்கள்.

இதெல்லாம் காலித் தட்டை வைத்தே முடித்துவிட வேண்டிய வேலை. சாப்பாடு வந்தபின் படத்துக்கு ஒரு நிமிடம் போதும். ஆறினால் கொழுப்பு உறைந்து மேலே படலம் கட்டும், கீரை நிறம் மாறும், வீட்டில் மற்றவர்களும் பசியோடு காத்திருப்பார்கள்.

படி 5: எழுதிப் பகிர்தல்

முதல் வரியில் சாப்பாட்டின் பெயர், எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம். அடுத்து கிராமில் அளவுகள். செய்முறையில் நிமிடத்தை மட்டும் எழுதினால் போதாது, ஒவ்வொரு அடுப்பின் "மிதமான தீ"யும் வேறு. "வெங்காயத்தை 8 நிமிடம்" என்பதோடு "ஓரம் பழுப்பாகி, பச்சை வாசனை போகும்வரை" என்றும் சேருங்கள். காயை எத்தனை சென்டிமீட்டரில் வெட்டினீர்கள் என்பதும் வேண்டும். நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை, கோதுமை, எள் இருந்தால் தனி வரியில் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ளவர் முதலில் தேடுவது அதைத்தான். சரியாக வராத பகுதி இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

அனுப்பும்முன் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். மருந்துச் சீட்டு, முகவரி எழுதிய உறை, எவர்சில்வர் மூடியில் பிரதிபலிக்கும் முகம் எல்லாம் படத்தில் சிக்கும். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கித் தெளிவைக் குறைக்கும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். ஆனால் கோப்பில் இருப்பிடத் தகவலும் கூடவே போகும், முதலில் அதை நீக்குங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு

படத்தில் கறுப்புக் கோடுகள் வந்தால் விளக்கின் துடிப்புதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவை நாமே அமைக்கும் ப்ரோ மோடில் ஷட்டரை (ஒளி உள்ளே விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடி என வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120.

ஆவி தெரியவில்லை என்றால் பின்புலம் வெளிறியிருக்கும். தட்டுக்குப் பின்னால் கருநிறத் துணியைத் தொங்கவிட்டு, விளக்கை 11 மணி இடத்துக்கு நகர்த்துங்கள். மின்விசிறியை அணைக்க மறக்காதீர்கள்.