ஆற்றங்கரைக் கட்டை மீன்தொட்டிக்குள் போகும் முன்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து, ஊர் ஓரளவு நிமிர்ந்த பிறகு சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் இரண்டு சாக்கு நிறையக் கட்டை பொறுக்கினேன். கடைசியில் என் இரண்டடித் தொட்டிக்குள் போனவை மூன்றே மூன்று. மற்றதெல்லாம் வெந்நீர் அடுப்புக்கு.

காரணம், பாதிக்கு மேல் வெள்ளத்தில் முறிந்து வந்த பச்சை மரம். பட்டைக்கு அடியில் சாறு இருக்கும்வரை அது தண்ணீரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது பல வருடம் ஆற்றிலும் வெயிலிலும் கிடந்து, பட்டை உதிர்ந்து, சாம்பல் நிறமாகிப் போன கட்டை. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் வேண்டாம். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத சொதவென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது.

மருது, புளி, கொய்யா வேர்கள் எனக்கு நன்றாக உழைக்கின்றன. முருங்கை சீக்கிரம் மக்கிவிடும். வேம்பு, தைலமரம் இரண்டையும் அவற்றின் எண்ணெய்க்குப் பயந்து தொடுவதில்லை. அரளி விஷம், கிட்டவே போக வேண்டாம். என்ன மரமென்று தெரியாவிட்டால் அங்கேயே போட்டுவிடுங்கள்.

சாக்கடை கலக்கும் இடத்தில் பொறுக்காதீர்கள். பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகம்; அங்கிருந்து கட்டை எடுப்பது குற்றம். புன்னைக்காயல் கழிமுகக் கட்டைகள் பார்க்க அழகுதான், ஆனால் உப்பு ஊறியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மிருதுவான இடங்களைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். சோப்பு, பினாயில் எதுவும் கூடாது. பாத்திரத்தில் அடங்குகிற கட்டையை ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க விடலாம். நான் அம்மாவின் இட்லிக் கொப்பரையில் போட்டேன். தண்ணீர் கடுங்காப்பி மாதிரி ஆனது. அதற்கப்புறம் அந்தக் கொப்பரையில் இட்லி அவிக்க அம்மா சம்மதிக்கவே இல்லை, ஆகவே தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கட்டையை டிரம்மில் ஊறப்போட்டு, மேலே கருங்கல் வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். தானாக மூழ்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. சுண்ணாம்புக்கல்லை வைத்துக் கட்டித் தொட்டிக்குள் இறக்காதீர்கள், தண்ணீரின் கடினத்தன்மை ஏறிவிடும். காப்பி நிறம் மரத்தின் டானின், அதாவது அதிலிருந்து கசியும் துவர்ப்புப் பொருள். மீனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வெளிச்சத்தை மறைப்பதால் செடி மந்தமாகும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் குறையும். அவசரமென்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (நிறத்தை உறிஞ்சும் கரி) போடுங்கள்.

முதல் கட்டையில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான்கே நாள் ஊறவைத்து இறக்கினேன். ஒரு வாரத்தில் கௌராமி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கட்டையை எடுத்து உடைத்தால் நடுவில் கறுப்புக் களி, அழுகிய முட்டை நாற்றம். இப்போது பருமனான கட்டை எதுவானாலும் ஒரு ஓரத்தை அறுத்து உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊறப்போடுவேன்.

தொட்டியில் இறக்கிய சில நாளில் கட்டைமேல் வெள்ளையாக, மூக்குச்சளி போல ஒரு படலம் வரும். பயப்பட வேண்டாம். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து விடலாம், இறாலும் நத்தையும் இருந்தால் அவையே தின்றுவிடும்.

சரி, செடி. ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசியைக் கட்டைமேல் கறுப்புப் பருத்தி நூலால் மெல்லிய படலமாகச் சுற்றுங்கள். நூல் மக்குவதற்குள் அது கட்டையைப் பிடித்துக்கொள்ளும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்ற இரண்டு தொட்டிச் செடிகளுக்கும் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும், கட்டைமேல்தான் கட்ட வேண்டும். என் மருத வேரின் கவட்டையில் கட்டிய அனுபியாஸ் போன வாரம் ஒரு வெள்ளைப் பூ விட்டிருக்கிறது.