முழுமைத் திட்ட வரைவில் பேருந்துக்கும் நடைக்கும் இடம் கேட்பது எப்படி?

கோவையின் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1994-இல் ஒப்புதல் பெற்றது. 2041 வரைக்குமான புதிய வரைவு 2024-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் சூலூர், அன்னூர் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் மனைகளாகிவிட்டன. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டும்போதே ஓர் ஊரின் போக்குவரத்தும் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதால், உங்கள் ஊருக்கு வரைவு வெளியாகும் நாள்களைத் தவறவிடாதீர்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி, அரசிதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபனையும் ஆலோசனையும் தரலாம். நேரில் விளக்க விரும்புவதாகக் கேட்டுக்கொண்டவர்களுக்கு அதற்கான வாய்ப்பையும், திட்டத்தைத் தயாரிக்கும் அமைப்பான திட்டக் குழுமம் தர வேண்டும்.

வரைவு கைக்கு வந்ததும் பலரும் போக்குவரத்து அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அங்கே எல்லா ஊருக்கும் பொருந்தும் நல்ல வார்த்தைகளே இருக்கும். நில உபயோக வரைபடத்தை முதலில் விரித்து, அதன்மேல் இப்போதுள்ள டவுன் பஸ் தடங்களைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். தொழிற்சாலைப் பகுதி என்று நிறமிட்ட இடத்துக்கு எந்தத் தடமும் போகவில்லையென்றால், அங்கே வேலைக்கு வருபவர்கள் கம்பெனி வண்டியையோ சொந்த இருசக்கர வாகனத்தையோதான் நம்ப வேண்டியிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வெளியே வருபவர்களுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதும் திட்டமிடுதலில் சேர்ந்த கேள்வியே.

அடுத்தது எண்ணிக்கை. சாலையை அகலப்படுத்தக் கேட்பவர்கள் வாகனங்களை எண்ணிக்கொண்டு வருவார்கள். நீங்கள் ஆட்களை எண்ணுங்கள். வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது. வார நாளில் காலை எட்டு மணி முதல் ஒன்பது வரை ஒரு நிறுத்தத்தில் இருவர் நின்றால் போதும்: ஒருவர் பேருந்துகளையும் அவற்றில் உள்ளவர்களையும் உத்தேசமாகக் குறிக்க, மற்றவர் கார், பைக், சைக்கிள், நடந்து செல்பவர் ஆகியோரைக் குறிக்கலாம். படிக்கட்டு வரை நிறைந்து வரும் ஒரு டவுன் பஸ்ஸில் எழுபது பேர் இருந்தால், அது ஆளுக்கொரு காராக மாறும்போது எழுபது கார்கள். சந்தை நாளில் ஒரு முறை, சாதாரண நாளில் ஒரு முறை எண்ணுவது நல்லது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிடாதீர்கள்.

பிறகு அளவுநாடாவை எடுங்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதலின்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நான் அளந்த ஒரு பேரூராட்சிக் கடைவீதியில் காகிதத்தின்படி நடைபாதை இரண்டு மீட்டர். ஆனால் டிரான்ஸ்பார்மர் வேலியைத் தாண்டி மிஞ்சியது என் கைச்சாணில் மூன்று, அதாவது முக்கால் மீட்டர் கூட இல்லை. சக்கர நாற்காலிக்காரரை விடுங்கள், இரண்டு கையிலும் பை பிடித்தவரே சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஆகவே "நடைபாதை வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் சாலையின் அகலம் எப்படிப் பிரிகிறது என்று காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வரைந்து இணையுங்கள். 12 மீட்டர் சாலையில் இரு பக்கமும் 1.8 மீட்டர் நடைபாதை, நடுவில் பேருந்துகள் எதிரெதிரே செல்ல 7 மீட்டர் என்று பிரித்தால், கம்பத்துக்கும் மரத்துக்கும் 1.4 மீட்டர் மிஞ்சுகிறது. கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வரைபடத்தில் சொல்லாவிட்டால் அது நடைபாதையில்தான் வந்து நிற்கும். ஊர் நடுவே போகும் சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அந்தத் துறைக்கும் ஒரு படி அனுப்பாவிட்டால் உள்ளாட்சி ஒப்புக்கொண்டும் பயனில்லை.

கொங்குப் பகுதிக்கே உரிய ஒன்றை மறக்கக் கூடாது: இட்டேரி. கிளுவை வேலிகளுக்கு நடுவே தோட்டத்துக்குத் தோட்டம் ஓடும் இந்த வழிகளில் பள்ளிப் பிள்ளைகள் நெடுஞ்சாலையைத் தொடாமலே சைக்கிளில் போய்வந்தார்கள். லேஅவுட் வரும்போது முதலில் அடைபடுவதும் அதுதான். சில இட்டேரிகள் நில அளவைப் புலப்படத்தில் வண்டிப்பாதை என்று பதிவாகியிருக்கும், சில பட்டா நிலத்துக்குள் வழக்கத்தால் மட்டுமே நிற்கும். முதல் வகையைப் புல எண்ணோடு (சர்வே நம்பர்) பட்டியலிட்டு, நடை, சைக்கிள் பாதையாகத் திட்டத்தில் குறிக்கக் கேளுங்கள். ஒரு லேஅவுட்டின் தெரு அடுத்த லேஅவுட்டின் மதிலில் முட்டி நிற்காமல் தொடர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பேருந்துக்கு முழுமைத் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2025-இல் நடைமுறைக்கு வந்த மினி பஸ் திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் குறைந்தது 65 விழுக்காடு வேறு பேருந்து போகாத பாதையாக இருக்க வேண்டும். 20 கிலோமீட்டர் தடம் கேட்பதானால் 13 கிலோமீட்டர் புதுப் பாதையை உங்களால் காட்ட முடிய வேண்டும். பைக்கில் ஓட்டிப் பார்த்து நிறுத்தம் நிறுத்தமாகத் தூரத்தைக் குறித்து, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

ஆட்சேபனைக் கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரே கோரிக்கை இருக்கட்டும்: புல எண், வரைபடத் தாளின் எண், இப்போது என்ன இருக்கிறது, என்ன மாற்றம் வேண்டும், உங்கள் எண்ணிக்கையும் அளவும். நேரில் விளக்க வேண்டும் என்ற வரியை விடாமல் எழுதி, ஒப்புகை முத்திரை பெற்ற படியை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டது கிடைத்த பின்னும் வேலை உண்டு. சாலைக்கோ பேருந்து நிலையத்துக்கோ ஒதுக்கிய தனியார் நிலத்தை, அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்த அறிவிக்கை வெளியிடாமலும் உடன்பாட்டின் பேரில் வாங்காமலும் விட்டால், அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாக அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு கருதுகிறது. அந்த மூன்றாம் ஆண்டு முடியும் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முந்தைய ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் அந்த நிலத்துக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா என்று வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.